காத்திருந்து பாயும் கலை

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் உண்டு. 2018 கால்பந்து உலகக் கோப்பையை பிரான்ஸ் வென்ற விதத்தை இந்த ஊரில் பேசுவதற்குத் தனி உரிமையே இருக்கிறது.

அந்த அணி பந்துக்காக ஏங்கவில்லை. பயிற்சியாளர் திதியே தெஷாம் அணியை நெருக்கமாக, பின்தள்ளி நிறுத்தினார். இரு விளிம்புகளிலும் பவாரும் எர்னாண்டஸும். இருவருமே நடுத் தற்காப்பிலும் ஆடக்கூடியவர்கள். அவர்களுக்கு முன்னால் கான்டே, எதிரணியின் பாஸ் எங்கே போகும் என்பதை முன்கூட்டியே மோப்பம் பிடித்து நின்றார். இடது பக்கத்தில் விங்கருக்குப் பதில் உழைப்பாளி மத்துயிதி. அவர் இறங்கி அடைத்ததால்தான் வலப்பக்கம் எம்பாப்பே மேலேயே நிற்க முடிந்தது.

பந்து கைமாறியதும் பாருங்கள். அர்ஜென்டினாவுக்கு எதிராக எம்பாப்பே தன் பாதி மைதானத்திலிருந்தே ஓடி பெனால்டி வாங்கினார். அதே ஆட்டத்தில் பின்னாலிருந்து கிளம்பிய பந்து மத்துயிதி, முன்கள வீரர் ஜிரூ வழியாக எம்பாப்பேயிடம் வந்து கோலானது. புலி பதுங்குவது பாய்வதற்குத்தான்.

அரையிறுதியில் தோற்ற பெல்ஜியத்தின் கோல்கீப்பர் கூர்த்துவா இந்தப் பாணியைக் கடுமையாகச் சாடினார். எனக்கோ இதில்தான் அழகு தெரிகிறது. ஜிரூ தொடர் முழுக்க ஒரு கோல்கூட அடிக்கவில்லை; ஆனாலும் அவர் இல்லாமல் அந்த அணி இல்லை. தன் பெயருக்கு ஆடாமல் அடுத்தவனுக்கு இடம் திறந்துவிடும் பதினொரு பேரின் ஒழுங்கு, எந்தத் தனித்திறமைக்கும் குறைந்ததல்ல.