கம்பியை அறுக்காத வீடு

கரன்ட் கம்பி வேண்டாம், குழாய்த் தண்ணீர் வேண்டாம், சாக்கடை இணைப்பு வேண்டாம். அப்படி ஒரு வீட்டைக் கட்டி அதில் ஒழுங்காக வாழ முடியுமா? எட்டு மாதமாக இந்தக் கேள்வி என்னைப் பிடித்து ஆட்டுகிறது. பெரிய தத்துவக் காரணம் எதுவும் இல்லை. மதுராந்தகம் பக்கம் அப்பா விட்டுப்போன நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டி, அங்கேயே போய் இருக்கணும் என்பது அம்மாவின் ஆசை. அம்மாவுக்கு 71 வயது. எனக்குச் சென்னையில் வேலை, சனி ஞாயிறுதான் போக முடியும். "கட்டறதுதான் கட்டறோம், யார் கையையும் எதிர்பார்க்காத வீடா கட்டிடுவோம்மா" என்று ஆரம்பித்து வைத்தது நான்தான்.

இந்த மாதிரி வீடுகளைப் பற்றிய வீடியோக்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை பால் காய்ச்சிய மாதத்தோடு முடிந்துவிடுகின்றன. நாலாவது கோடையில் அந்த வீடு எப்படி இருந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் பழைய புத்தகங்கள் பக்கம் போனேன். இந்தத் துறையில் தவிர்க்க முடியாத ஜோடி ஒன்று உண்டு: இங்கிலாந்துக் கட்டடக் கலைஞர்கள் பிரெண்டா வேல், ராபர்ட் வேல். 1975-ல் 'தி அட்டானமஸ் ஹவுஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். பிறகு தாங்களே அப்படி ஒரு வீட்டைக் கட்டிக் குடியிருந்துவிட்டு, 2000-ல் 'தி நியூ அட்டானமஸ் ஹவுஸ்' எழுதினார்கள். ரெண்டையும் அடுத்தடுத்துப் படித்ததில் தோன்றியதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். புத்தகத்தை விமர்சிக்கிறேனா வீட்டை விமர்சிக்கிறேனா என்று கேட்டால், ரெண்டையும்தான்.

முதல் புத்தகம்: இயந்திரங்களின் பட்டியல்

1973-ல் எண்ணெய் நெருக்கடி. 1974 தொடக்கத்தில் பிரிட்டனில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் வாரத்தில் மூணு நாள் மின்சாரம்தான் என்று அரசாங்கமே கட்டுப்பாடு போட்டது. அந்தச் சூட்டில் வந்த புத்தகம் 1975-ல் வந்தது. வெளியிலிருந்து எதையும் வாங்காமல், தன் மனையில் விழும் வெயில், மழை, காற்று இவற்றை வைத்தே ஓடும் வீடு என்பதுதான் அதன் கனவு.

அத்தியாயங்களைப் பார்த்தாலே புத்தகத்தின் மனசு புரிந்துவிடும். சூரிய சக்தி, காற்றாலை, வெப்ப பம்பு, கழிவு மறுசுழற்சி, தண்ணீர், பேட்டரி, வெப்பச் சேமிப்பு. பிரச்சினைக்கு ஒரு கருவி என்று போய்க்கொண்டே இருக்கிறது. தகவல் நேர்மையானது, கணக்குகள் உழைத்துப் போட்டவை. ஆனாலும் படித்து முடிக்கும்போது வீட்டைப் பற்றிப் படித்த உணர்வு வரவில்லை, ஒரு சின்ன மின்நிலையத்தைப் பற்றிப் படித்த மாதிரிதான் இருந்தது. அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் பைக் தலைமையில் நடந்த தன்னிறைவு வீட்டு ஆராய்ச்சியும் இதே பாதையில்தான் போனது. அந்த வீடு மாதிரி வடிவத்தோடு நின்றுபோனது, கட்டப்படவே இல்லை.

கட்டிய வீடு: கருவியிலிருந்து சுவருக்கு

வேல் தம்பதி தங்கள் வீட்டை 1993-ல் கட்டி முடித்தார்கள். நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற பழைய தேவாலய ஊர். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணச் செங்கல் வீடு. காற்றாலை இல்லை. அதற்குப் பதில் என்ன இருக்கிறது? சுவருக்குள் 25 சென்டிமீட்டர் கனத்துக்கு வெப்பக் காப்பு, கூரையில் 50 சென்டிமீட்டர். உள்ளே கனமான கான்கிரீட், அது வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடுங்குளிருக்கு ஒரு சின்ன விறகு அடுப்பு போதும் என்ற நிலைக்கு வீட்டையே கொண்டுவந்துவிட்டார்கள்.

என்னைப் பொறுத்தவரை இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே நடந்த முக்கியமான விஷயம் இதுதான். முதல் புத்தகம் "எப்படி உற்பத்தி செய்வது" என்று கேட்டது. இரண்டாவது, "எவ்வளவு வேண்டும்" என்று முதலில் கேட்கிறது. இருபது வருஷத்தில் மனுஷர்கள் தங்கள் கேள்வியையே திருத்திக்கொண்டு, அதை ஒளிக்காமல் எழுதியும் வைத்திருக்கிறார்கள். அதற்காகவே ரெண்டையும் சேர்த்துப் படிக்கலாம்.

தண்ணீரிலும் சமரசம் இல்லை. நகராட்சிக் குழாய் கிடையாது. கூரை மழை நிலவறைத் தொட்டிகளுக்குப் போகிறது, மொத்தம் 30,000 லிட்டர். கழிப்பறைக்குத் தண்ணீரே வேண்டாம். ஸ்வீடனின் 'கிளைவஸ் மல்ட்ரம்' வகை, எல்லாம் நிலவறையில் மட்கி எருவாகும்.

மின்சாரத்துக்கு வருவோம். தோட்டப் பந்தல் மேல் சுமார் 2.2 கிலோவாட் சோலார் பலகைகள். பேட்டரி? இல்லை. தெருவிலிருந்து ஒரு கரன்ட் கம்பி வீட்டுக்குள் வருகிறது. மிச்சமானது அதன் வழியே வெளியே போகும், பற்றாதது உள்ளே வரும்.

இதைப் படித்தபோது கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது. தன்னிறைவு வீட்டுக்கு உதாரணமாக எல்லோரும் காட்டும் வீடே கம்பியை அறுக்கவில்லையே!

என் குறை

கம்பி இருப்பதில் எனக்குக் குறை இல்லை. அந்தக் கம்பியைக் கணக்கில் காட்டும் விதத்தில்தான் குறை. கொடுத்ததையும் வாங்கியதையும் வருஷத்துக்கு ஒருமுறை கூட்டிக் கழிப்பது இந்த வகை வீடுகளின் வழக்கம். வருஷக் கணக்கில் எல்லாம் அழகாக நேராகிவிடும். ஆனால் இங்கிலாந்தில் ஜூன் மாதம் வெயில் கொட்டும், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். ஜூனில் கொடுத்ததை டிசம்பரில் திருப்பி வாங்கும்போது, நடுவில் அதை யார் பத்திரமாக வைத்திருந்தார்கள்? யாருமில்லை. டிசம்பர் ராத்திரிக்கு எங்கேயோ ஒரு மின்நிலையம் புதிதாக எரிபொருளை எரித்துக் கொடுக்கிறது. தெரு முழுக்க இதே மாதிரி வீடுகள் வந்தால், எல்லோரும் ஒரே நேரத்தில் கொடுப்பார்கள், ஒரே நேரத்தில் கேட்பார்கள். அப்போது இந்த ஏற்பாடு திணறும்.

ஆகவே தண்ணீரில் அந்த வீடு தன்னிறைவு. மின்சாரத்தில் அது ஒரு நல்ல பக்கத்து வீட்டுக்காரர், அவ்வளவுதான். பெயரில் இருக்கும் 'அட்டானமஸ்' இந்த வித்தியாசத்தை மறைத்துவிடுகிறது.

நம்ம ஊர்க் கணக்கு

சரி, இதை மதுராந்தகத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? நோட்டுப் புத்தகத்தை எடுத்தேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க.

100 சதுர மீட்டர் கூரை. விழும் மழையில் 80 சதவீதம் தொட்டிக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் அந்தப் பகுதியில் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழை. கிடைப்பது 48,000 லிட்டர். சென்னைப் பக்கம் சுமார் 1,400 மில்லிமீட்டர். கிடைப்பது 1,12,000 லிட்டர். ரெண்டு மடங்குக்கு மேல். "ஜெயிச்சுட்டோம்" என்று முதலில் நினைத்தேன்.

ஆனால் தொட்டியின் அளவை வருஷ மழை தீர்மானிப்பதில்லை. ரெண்டு மழைக்கு நடுவே இருக்கும் நீண்ட இடைவெளிதான் தீர்மானிக்கிறது. அங்கே மழை வருஷம் பூராவும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூறும். இங்கே பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிட்டுப் போய்விடும். ஜனவரி முதல் மே வரை 150 நாள் காய்ச்சல் என்று வைப்போம். நாலு பேர், ஆளுக்கு 100 லிட்டர் என்றால் தொட்டி 60,000 லிட்டர் வேண்டும். வருஷத் தேவையோ 1,46,000 லிட்டர், அந்தக் கூரையால் முடியவே முடியாது. ஆளுக்கு 60 லிட்டர் என்றால் தொட்டி 36,000, கூரையும் தாங்கும். இங்கிலாந்துக் கூரை தரும் அதே 48,000 லிட்டருக்குள் வாழப் பழகினால், அதாவது ஆளுக்கு 33 லிட்டர், 20,000 லிட்டர் தொட்டியே போதும்.

தேவையை மூன்றில் ஒன்றாக்கினால் தொட்டியும் மூன்றில் ஒன்றாகிறது. சவுத்வெல் சுவர் சொன்ன அதே பாடம்தான். ஆனால் 33 லிட்டருக்கு வர முதலில் போக வேண்டியது கழிப்பறைத் தண்ணீர். நாமோ தண்ணீரில் கழுவுகிறவர்கள், அவர்கள் கழிப்பறையை அப்படியே இறக்கினால் மட்குவதற்குப் பதில் சேறாகும். திருச்சி மாவட்டம் முசிறியில் கழுவும் நீரையும் சிறுநீரையும் தனித்தனியே பிரிக்கும் சூழல் கழிப்பறைகளைக் கட்டிக் காட்டியிருக்கிறார்கள். எடுக்க வேண்டிய மாதிரி அதுதான்.

மின்சாரத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. வெயில் வருஷம் முழுக்கக் கிடைக்கும், அதனால் ஜூனுக்கும் டிசம்பருக்கும் அந்த அளவு வித்தியாசம் இல்லை. ஆனால் புயலை மறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னையில் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அந்த மாதிரி நேரத்தில்தான் கம்பி இல்லாத வீடு கைகொடுக்கும் என்று தோன்றும். ஆனால் வானம் மூடிக்கிடக்கும்போது பலகையும் ஏறக்குறைய சும்மாதான் இருக்கும். தொட்டி நிரம்பி வழியும் நாளில்தான் பேட்டரி காலியாகும். மூணு நாள் தாங்கும் பேட்டரி வாங்கினால், வருஷத்தில் மற்ற நாளெல்லாம் அதில் பெரும்பகுதி வேலையில்லாமல் கிடக்கும். அதற்குக் கொடுக்கும் விலை பலகை விலையைத் தாண்டிவிடும்.

அம்மா கேட்ட கேள்வி

வரைபடத்தை அம்மாவிடம் காட்டினேன். முழுக்கப் பொறுமையாகப் பார்த்தாங்க. பிறகு, "தொட்டியில பல்லி விழுந்தா யாருப்பா எடுப்பா?" என்றாங்க. நான் சிரித்தேன். அவங்க சிரிக்கலை. "நீ ரெண்டு நாள் வருவ. மிச்சம் அஞ்சு நாள் இந்த வீட்டை நான் பாத்துக்கணுமா, இல்ல இந்த வீடு என்னைப் பாத்துக்குமா?"

எட்டு மாதமாக நான் கேட்காத கேள்வி அது. மழைக்கு முன் கூரையைப் பெருக்கணும், மணல் வடிகட்டியைக் கழுவணும், கழிப்பறை எருவை அள்ளணும், பலகைத் தூசியைத் துடைக்கணும். சவுத்வெல் வீட்டில் இதையெல்லாம் செய்தது அதை வடிவமைத்த இரண்டு பேர். அந்த வீட்டின் ஒவ்வொரு குழாயும் அவர்கள் தலைக்குள் இருந்தது. சுவரின் கனத்தைச் சென்டிமீட்டரில் தரும் புத்தகம், வீட்டை நடத்தத் தேவைப்படும் மனித உழைப்புக்கு அதே கவனத்தைத் தரவில்லை என்பது என் இரண்டாவது குறை, முதலாவதைவிடப் பெரிய குறை. தனி வீட்டின் தன்னிறைவு என்பது பல சமயம் ஒரு ஆளின் முழுநேர வேலைக்கு வைத்த இன்னொரு பெயர்.

இதற்கான பதில் அவர்களுடைய அடுத்த வேலையில் கிடைத்தது. சவுத்வெல்லுக்குப் பக்கத்திலேயே ஹாக்கர்ட்டனில் அவர்கள் வடிவமைப்பில் ஐந்து வீடுகள் வரிசையாக, முதுகையும் கூரையையும் மண் மூடியபடி, 1998-ல் கட்டி முடிந்தன. தண்ணீர்த் தேக்கம் பொது, கழிவைச் சுத்திகரிக்கும் நாணல் படுகை பொது, பராமரிப்பு வேலையும் பொது. அங்கேயும் கம்பியை அறுக்கவில்லை. ஒரு வீடு தனியாகச் சுமந்ததை ஐந்து குடும்பம் பங்கு போட்டுக்கொண்டது.

எனக்கு ஐந்து குடும்பம் இல்லை. அதனால் வரைபடத்தை மாற்றியிருக்கிறேன். பேட்டரிக்கு ஒதுக்கிய பணம் தொட்டிக்கும் கூரை நிழலுக்கும் போகிறது. கரன்ட் கம்பி வரும், சின்னதாக சோலாரும் இருக்கும். புயல் நாளுக்கு ரெண்டு ஃபேன், நாலு விளக்கு ஓடும் அளவுக்கு ஒரு இன்வெர்ட்டர். தெற்கே இருக்கும் பக்கத்து நிலத்துக்காரர் தன் வீட்டுக்கும் மழைத்தொட்டி போடலாமா என்று யோசிக்கிறார், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளை வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று பேசியிருக்கிறோம்.

தொட்டி வாயில் கொசுவலை வைத்த மூடி, அம்மா குனியாமல் திறக்கிற உயரத்தில். அதை மட்டும் அவங்களே பேனாவால் வரைந்து கொடுத்தாங்க.