லீவருக்கும் எஞ்சினுக்கும் நடுவில்

2013 ஜனவரி 9 காலை, நியூஜெர்சியிலிருந்து அலுவலகம் போகிறவர்களை ஏற்றிவந்த ‘சீஸ்ட்ரீக் வால் ஸ்ட்ரீட்’ ஃபெரி, மன்ஹாட்டனின் 11ஆம் எண் படகுத்துறையில் ஏறத்தாழ 12 நாட் வேகத்தில் போய் மோதியது. படகில் இருந்த 331 பேரில் 80 பேருக்குக் காயம். இறங்கும் அவசரத்தில் எழுந்து நின்றவர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். எஞ்சின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

விசாரணை நடத்திய தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சொன்ன காரணம்தான் கவனிக்க வேண்டியது. உந்துவிசைக் கட்டுப்பாடு ‘பேக்கப்’ முறையில் இருந்தது. கேப்டனுக்கு அது தெரியாது. துறையை நெருங்கிய பிறகு ஒரு கட்டுப்பாட்டு இடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொள்வது அவர் வழக்கம். படகு கைக்கு அடங்கவில்லை என்று தெரிந்தபோது திருத்திக்கொள்ள நேரமும் இல்லை, தூரமும் இல்லை. எந்த முறையில் இருக்கிறோம் என்பதைக் கட்டுப்பாட்டுப் பலகையும் பளிச்சென்று காட்டவில்லை.

இதைச் சொல்லி எலெக்ட்ரானிக் கட்டுப்பாடே வேண்டாம் என்று வாதிடுவது வீண். லீவரையும் எஞ்சினையும் இணைத்த பழைய கேபிளை இழுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: உறைக்குள் உப்புநீர் இறங்கும், உள்கம்பி துருப்பிடிக்கும், லீவர் நாளுக்கு நாள் இறுகும், கடைசியில் ஒருநாள் கியரில் விழுந்தபடியே மாட்டிக்கொள்ளும். மேல்தளத்தில் இன்னொரு லீவர் வேண்டுமென்றால் அதற்கும் தனிக் கேபிள்கள் இழுக்க வேண்டும். இன்றைய லீவரின் அடியில் இருப்பது ஒரு சென்சார். அது தன் நிலையைக் கணினிக்குச் சொல்கிறது; கணினி கியரையும் த்ராட்டிலையும் அசைக்கிறது. முழு வேகத்தில் போகும்போது பதற்றத்தில் பின்னோக்கி இழுத்தாலும், எஞ்சின் வேகம் தணியும்வரை கணினி கியரைப் பிடித்து வைக்கும். 2005இல் வந்த வோல்வோ பென்ட்டாவின் ஐபிஎஸ் உந்துவிசை அமைப்பு அடுத்த ஆண்டே ஜாய்ஸ்டிக்கையும் சேர்த்துக்கொண்டது. அதைப் பக்கவாட்டில் சாய்த்தால் படகும் பக்கவாட்டில் நகர்கிறது. பக்கக்காற்றில் படகைத் துறையில் கட்டுவதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டியிருந்தது. இப்போது ஒரு வார இறுதியில் ஓரளவு பிடிபட்டுவிடுகிறது. (அந்தப் பழக்கம் இல்லாதவர் ஜாய்ஸ்டிக் செத்த அன்று என்ன செய்வார் என்று விற்பனைக்காரர்கள் சொல்வதில்லை.)

என் குறை வேறு இடத்தில். கேபிள் கெடும்போது கைக்குத் தெரிந்துவிடும். எலெக்ட்ரானிக் லீவர் கெட்டாலும் கெடாவிட்டாலும் கைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். எந்த லீவரிடம் ஆட்சி இருக்கிறது, எந்த முறையில் ஓடுகிறது என்பதையெல்லாம் ஒரு சின்ன விளக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த விளக்கு, வெயில் நேராக விழும் பலகையில் இருக்கிறது.

ஆகவே கட்டை அவிழ்க்கும் முன், ஒவ்வொரு லீவரிலும் முன்னுக்கு ஒரு தட்டு, பின்னுக்கு ஒரு தட்டு கொடுத்துப் பார்க்க வேண்டும். துறைக்கு வெகுமுன்பே, திறந்த நீரில், ஆட்சியை மாற்றி ரிவர்ஸ் பிடிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அரை நிமிட வேலை. சீஸ்ட்ரீக் கேப்டன் தூரத்திலேயே இப்படிச் செய்திருந்தால், கோளாறு நடு நீரிலேயே தெரிந்திருக்கக்கூடும்.

பழுது பார்ப்பதில் இன்னொரு கூத்து. திரையில் ஒரு பிழை எண் மின்னியதும் எல்லோரும் கணினியைத்தான் சந்தேகிக்கிறார்கள். நானாக இருந்தால் பேட்டரியிலிருந்து தொடங்குவேன். ஸ்டார்ட்டர் சுற்றும் கணத்தில் வோல்டேஜ் சரிந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தடுமாறும். ஒரு சரிவுக்கு ஐந்தாறு எச்சரிக்கைகள் வரும். அடுத்தது எர்த் இணைப்பு, ஃபியூஸ், கனெக்டர். பில்ஜ் ஈரம் படும் கனெக்டரைக் கழற்றினால் ஊசிகளில் பச்சைப் பூஞ்சை போலச் செம்புத்துரு ஏறியிருக்கும். அதன் பிறகும் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசவில்லையென்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அவற்றை இணைக்கும் ‘கேன்’ தகவல் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைக்க வேண்டும். இரு முனைகளிலும் தலா ஒரு 120 ஓம் தடை இருப்பதால் சுமார் 60 காட்டினால் நலம். 120 காட்டினால் ஒரு முனைத் தடை கழன்றிருக்கிறது, அல்லது வழியில் கம்பி அறுந்திருக்கிறது. இதற்கு லேப்டாப்பே தேவையில்லை.

ஆனால் நடப்பில் பார்ப்பது சாவியை அணைத்துப் போடுவதைத்தான். பல நேரம் அது வேலையும் செய்கிறது, அதனால்தான் ஆபத்து. எச்சரிக்கை மறைகிறது, காரணம் அப்படியே கிடக்கிறது. பிழை எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அணைப்பவர், மறுநாள் வரும் மெக்கானிக்கிடம் ‘ஏதோ ஒரு எண் வந்தது’ என்பதைத் தவிரச் சொல்ல எதுவும் இல்லாமல் நிற்பார்.

இதில் தயாரிப்பாளர்களுக்கும் பங்குண்டு. பிழை எண்ணின் முழு விளக்கத்தையும், அதைப் படிக்கும் மென்பொருளையும் பலர் தங்கள் டீலர்களிடமே பூட்டி வைக்கிறார்கள். உத்தரவாத மோசடி, அனுபவமில்லாத கைகள் என்று அதற்குச் சொல்லும் காரணங்களை என்னால் முழுதாக ஒதுக்க முடியவில்லை. எஞ்சின் அமைப்பை மாற்றும் உரிமையை வைத்துக்கொள்ளட்டும். படிக்கும் உரிமையை மறைக்க அந்தக் காரணங்கள் போதாது. கரையிலிருந்து 20 மைல் தள்ளி நிற்கிறவருக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: இந்தக் கோளாறோடு மெதுவாகத் துறைக்குத் திரும்பலாமா, இல்லை நங்கூரம் போட்டு உதவிக்குக் காத்திருக்க வேண்டுமா?