24 வாரங்களுக்குப் பிறகு

மருத்துவ முறையிலான கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்தைக் குறைசொல்ல எனக்குத் தயக்கமுண்டு. அதற்கு முன்பிருந்த நிலைமை அத்தனை மோசம். உயிருக்கே ஆபத்து என்றாலொழிய, 1971-ன் சட்டம் 20 வாரத்தோடு நின்றுவிடும். கருவின் குறைகள் பலவும் தெரியவருவதோ ஐந்தாம் மாத ஸ்கேனில். சந்தேகம் வந்து, பனிக்குட நீரை எடுத்து அனுப்பி, குரோமோசோம் முடிவு கைக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு மூன்று வாரம் ஓடிவிடும். பிறகு நீதிமன்றப் படிதான். 2008-ல் கருவின் இதயத்தில் கோளாறு என்று வந்த ஒரு தம்பதியை மும்பை உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2017 ஜனவரியில், மண்டையோடு உருவாகாத 24 வாரக் கருவைக் கலைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அடுத்த மாதமே, டவுன் சிண்ட்ரோம் உள்ள 26 வாரக் கருவுக்கு மறுத்தது.

இப்போது அந்த அலைச்சல் குறைந்திருக்க வேண்டும். மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர், ஸ்கேன் நிபுணர் அடங்கிய மருத்துவக் குழு, கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாகச் சொன்னால் கால வரம்பே கிடையாது. குழு மூன்று நாளில் கருத்துச் சொல்லியாக வேண்டும். தாமதமாக மருத்துவமனைக்கு வரும் ஏழைப் பெண்ணுக்கு இது பெரிய உதவி.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 2023 அக்டோபரில் இரண்டு குழந்தைகளின் தாய் ஒருவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார். பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர். கரு 26 வாரத்தைத் தாண்டியிருந்தது. அவர் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை, கருவிலும் குறையில்லை என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அதே வயிற்றில் குறையுள்ள கரு இருந்திருந்தால், மருத்துவக் குழுவே அனுமதித்திருக்கக்கூடும். ஆக, திருத்தம் வைத்த மேல்வரம்பான 24 வாரத்துக்குப் பிறகு தாயின் மனத்துயரம் போதாது. கருவின் குறை போதும். வளர்ந்த கருவைக் காக்கும் கடமை தனக்கு உண்டு என்று சொல்லும் அரசு, ஒருவகைக் கருவுக்கு மட்டும் அந்தக் கடமையைத் தளர்த்திக்கொள்கிறது.

பிரிட்டனில் டவுன் சிண்ட்ரோம் உள்ள ஹெய்டி க்ரௌட்டர் என்ற பெண் வழக்குத் தொடுத்தது இதே காரணத்துக்காகத்தான். அங்கே பொதுவரம்பு 24 வாரம். கடுமையான குறைபாடு என்றால் வரம்பில்லை. 2022-ல் மேல்முறையீட்டிலும் அவர் தோற்றார். அமெரிக்க அறவியலாளர் ஏட்ரியன் ஆஷ், பார்வையற்றவர், இன்னும் ஒரு படி உள்ளே போனார். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தபடியே அவர் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார்: குழந்தையே வேண்டாம் என்பது ஒன்று, விரும்பிச் சுமந்த குழந்தையில் ஒரு குறை தெரிந்ததும் ‘இந்தக் குழந்தை வேண்டாம்’ என்பது வேறு. அவரோடு இங்கே நான் முழுக்க ஒத்துப்போகவில்லை. இரவெல்லாம் அழுது முடிவெடுக்கும் தாய், உலகிலுள்ள மாற்றுத்திறனாளிகளைப் பற்றித் தீர்ப்பு எழுதவில்லை. தன் வீட்டையும் வருமானத்தையும், தனக்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பார் என்பதையும் எண்ணிப் பார்க்கிறாள். தீர்ப்பு எழுதுவது சட்டத்தின் வாசகம்.

பாலினத் தேர்வோடு இதை ஒப்பிடுவார்கள். 1994-ன் சட்டம் ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடைசெய்கிறது. குறை இருக்கிறதா என்று பார்ப்பதை அனுமதிக்கிறது. ஒப்பீடு பாதிதான் பொருந்தும். பெண்ணாகப் பிறப்பதன் துன்பம் முழுக்க வெளியிலிருந்து வருவது. மண்டையோடில்லாத கருவின் முடிவோ அதன் உடலிலேயே இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் நடுவில் நிற்கிறது: கற்பதில் தாமதம் உடலோடு வருவது; சேர்க்க மறுக்கும் பள்ளி அப்படி அல்ல. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும். அதில் பெரும்பாலானவற்றை அறுவைச் சிகிச்சையில் சரிசெய்யலாம். நல்ல மருத்துவம் கிடைக்கும் நாடுகளில் அறுபது வயதுவரை வாழ்கிறார்கள். நெரிசலான ஓ.பி.யில் “சரிப்படாதும்மா, கலைச்சிடலாம்” என்று இரண்டே நிமிடத்தில் முடியும் பேச்சில் இதெல்லாம் எங்கே வரும்? மண்டையோடில்லாத கருவுக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ள கருவுக்கும் ‘கணிசமான’ என்ற ஒரே அடைமொழிதான் சட்டத்தில் இருக்கிறது. எது கணிசம் என்பது குழுவுக்குக் குழு மாறலாம்.

பிறந்து பிழைக்கவே முடியாத கருவுக்குத் தனி விதி இருப்பதை நான் ஏற்கிறேன். அது குறைபாட்டோடு வாழ்வதைப் பற்றிய முடிவல்ல. மற்றவற்றுக்குக் கருவின் குறையை எடைபோடுவதைவிட, பெண்ணின் நிலையை எல்லோருக்கும் ஒரே அளவுகோலில் பார்ப்பதே நியாயம். 26 வாரத்தில் வெளியே பிழைக்கக்கூடிய கருவை வைத்துக்கொண்டு அந்த அளவுகோலை எங்கே நிறுத்துவது என்பதற்கு என்னிடம் சுலபமான விடை இல்லை. ஆனால் வாசகம் மாறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குழுவில் வேறு உறுப்பினர்களைச் சேர்க்க மாநில அரசுகளுக்கு ஏற்கெனவே அதிகாரம் இருக்கிறது. மரபணு ஆலோசகரையோ, அதே குறைபாட்டோடு பிள்ளை வளர்க்கும் பெற்றோரையோ அந்தப் பெண்ணோடு பேசவைக்கலாம். அவள் கேட்டால் மட்டும், கட்டாயமாக அல்ல.