லேயா எப்போது அழுதாள்?

ரசிகர் புனைவுக்கு இன்று மரியாதை கூடியிருக்கிறது. அந்த மரியாதையோடு ஒரு தவறான கருத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது: திரைக்கதையில் விழுந்த ஓட்டைகளை ரசிகர் அடைத்துக் கொடுக்கிறார் என்று. கேட்கப் பாராட்டாக இருந்தாலும் இது எழுத்தாளரைக் கொத்தனாராக்கிவிடுகிறது. இந்த வகையின் சிறந்த கதைகள், படம் அவசரமாகக் கடந்துபோன இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தவை.

முன்வரலாறு நமக்குப் புதிதில்லை. சீதை தீக்குளித்த செய்தி அகலிகையின் காதில் விழுந்தால் என்னவாகும் என்று புதுமைப்பித்தன் ‘சாபவிமோசன’த்தில் கேட்டார். ‘ஜேன் அய்ர்’ நாவலின் மாடியறையில் பூட்டப்பட்டிருந்த மனைவிக்கு 1966இல் ஜீன் ரீஸ் ஒரு வாழ்க்கையைக் கொடுத்தார். அடுத்த ஆண்டு, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ரசிகர்கள் ‘ஸ்பாக்கனேலியா’ என்ற சிற்றிதழைக் கொண்டுவந்தார்கள். அதன் வழியே வந்த இதழ்களில் எழுதியவர்கள் பெரும்பாலும் பெண்கள். சைக்ளோஸ்டைல் எடுத்து, பின்னடித்து, தபாலில் அனுப்பினார்கள். 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ வந்ததும் அந்தக் கைகளில் பல அதன் பக்கம் திரும்பின.

என் மனதுக்கு நெருக்கமான காலம் அதுதான். காரணத்தைச் சொல்ல, படத்தின் சில நிமிடங்களைப் பார்த்தால் போதும். சிறையறைக்குள் வில்லன் டார்த் வேடரோடு ஊசி ஏந்திய இயந்திரம் ஒன்று நுழைகிறது. கதவு மூடிக்கொள்கிறது. உள்ளே இளவரசி லேயாவுக்கு நடந்ததைப் படம் காட்டுவதில்லை. பிறகு அவள் கண்ணெதிரிலேயே ஆல்டெரான், அவள் வளர்ந்த கிரகம், வெடித்துச் சிதறுகிறது. சற்று நேரத்தில் கப்பலில், வழிகாட்டி ஓபி-வானை இழந்து உட்கார்ந்திருக்கும் நாயகன் லூக்கின் தோளில் அவள் போர்வை போர்த்துகிறாள். அவன் இழந்தது நெருங்கிப் பழகிச் சில நாளே ஆன ஒரு கிழவரை. அவள் இழந்தது தாய் தந்தையரையும் ஊர் உலகத்தையும். கிளர்ச்சியாளர்களின் தளமான யாவினில் தளபதி ஒருவர் ஆல்டெரானைக் குறித்து ஒரு சொல் சொல்கிறார். வருந்த இது நேரமில்லை என்று அவள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

இந்த இடத்தை ரசிகைகள் விடவேயில்லை. ‘விடுபட்ட காட்சி’ என்றே ஒரு கதைவகை அவர்களிடம் உண்டு. அதில் லேயாவின் துக்கம் இன்றுவரை எழுதித் தீரவில்லை. சோடையான கதையில், படத்தின் இன்னொரு நாயகனான ஹான் அவளை அணைத்துக்கொள்வான், கண்ணீர் வழியும், விஷயம் முடிந்துவிடும். நல்ல கதையில் அவளுக்கு அழுகையே வராது. அதைப் படித்தபின் படத்துக்குத் திரும்பினால், இறுதியில் வரும் பதக்க விழாவில் அவள் சிரிக்கும் சிரிப்பை முன்புபோலப் பார்க்க முடியாது.

நிறுவனத்துக்கு இதெல்லாம் உறுத்தல். பாலுறவைச் சித்தரிக்கும் கதைகள் கூடாது என்று 1981இல் லூகாஸ்ஃபில்ம் இதழ்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2012இல் அந்த நிறுவனத்தை டிஸ்னி வாங்கியபின் இடைவெளிகளே வியாபாரமாயின. ‘ரோக் ஒன்’ படத்தை (2016) முழுக்கத் தள்ளமாட்டேன்; முதல் படத்தின் தொடக்க எழுத்தில் ஒரு வரியாக ஓடிய வெற்றிக்கு எத்தனை உயிர்கள் போயின என்று அது காட்டியது. ‘சோலோ’ (2018) செய்ததோ பரிதாபமான வேலை. ஹானுக்கு அந்தக் குடும்பப்பெயர் எப்படி வந்தது? ஆளெடுக்கும் அதிகாரி ஒருவர், இவன் தனியாள் என்பதால் சூட்டினாராம். யாருக்கும் வலிக்காத கேள்விக்கு ஒரு வறட்டு விடை! 1977இல் ஹானின் தோழன் சூபாக்காவுக்குக் கிடைக்காத பதக்கத்தை 2019இல் வந்த படத்தில் கையில் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். ஓட்டையடைப்பு என்றால் இதுதான்.

அதே 2019இல் ரசிகர் புனைவுக் களஞ்சியமான ‘ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்’ ஹியூகோ விருது பெற்றது. மகிழ்ச்சிதான். ஆனால் விருது களஞ்சியத்துக்குக் கிடைத்தது. கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்க்கும் விமர்சனம் இன்னும் பிறக்கவில்லை. பழைய இதழ்கள் அயோவா பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்துவைக்கப்பட்டுள்ளன. சைக்ளோஸ்டைல் தாளிலிருந்து இலக்கியம் வந்ததைக் கண்ட நமக்கு அந்தத் தாள்களின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. யாராவது அங்கே உட்கார்ந்து, நல்லது கெட்டது பிரித்து ஒரு தொகுப்பு கொண்டுவர வேண்டும். அதன் முதல் கதை லேயாவுடையதாக இருக்கட்டும்.