முகமும் பெயரும்: மலையக நிழற்படங்கள் குறித்துச் சில சிந்தனைகள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த தபாலட்டைகளிற் கட்டுகஸ்தோட்டை என்பது பெரும்பாலும் மகாவலியில் நீராடும் யானைகளின் இடமாகவே காட்சி தருகின்றது. மாத்தளையிலிருந்து கண்டிக்கு வரும் பாதை மகாவலியைக் கடக்கும் துறையும் அதுவே. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, மாத்தளை ஊடாகக் கால்நடையாகக் கோப்பித் தோட்டங்களை நாடிய தென்னிந்தியத் தொழிலாளர் பலர் இவ்வழியே தென்மலைகளை அடைந்தனர். அந்நடைப்பயணம் தபாலட்டைக் காலத்துக்கு முந்தியதென்பது உண்மையே. ஆயினும், அவர்தம் சந்ததியினர் சூழ வாழ்ந்த காலத்திலும் ஆற்றின் அடையாளமாக யானையே தெரிவுசெய்யப்பட்டது. எதனைப் படமாக்குவது என்ற இத்தெரிவே மலையக நிழற்படங்கள் பற்றிய எமது ஆய்வின் தொடக்கப் புள்ளியாகும்.

தொழிலாளர் படமாக்கப்படவே இல்லை என்று நாம் கூறவில்லை. 1870களிற் கண்டியில் நிழற்படக்கூடம் நடத்திய ஸ்கோவன் போன்றோர் ‘தமிழ்ப் பெண்’ என்றாற் போன்ற பொதுப்பெயருடன் முகங்களை விற்பனைப் பொருளாக்கினர். அவற்றிலே தனிமனிதர் ஓர் இனத்தின் மாதிரியாகச் சுருங்கிவிடுகின்றனர்.

யூலியா மார்கரட் கமரனின் படங்கள் இவற்றினின்றும் வேறுபட்டவை. 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் டிக்கோயாப் பகுதியில் மறைந்து, பொகவந்தலாவையில் அடக்கஞ்செய்யப்பட்ட இவ்வம்மையார், இங்கு எடுத்தவற்றுள் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் கேலிக்கோ வேடிக்கைக்கோ உரியோராகக் காட்டப்படவில்லை. ஒளியும் நிழலும் அவர்தம் முகங்களுக்கு ஒரு கம்பீரத்தை அளிக்கின்றன. இக்கலைச் சிறப்பை மறுப்பது நேர்மையான விமர்சனமாகாது.

எனினும், இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்கள் டெனிசன், ஹேர்ஷல் எனப் பெயருடன் நிற்க, இலங்கையில் எடுத்தவை ‘களுத்துறை விவசாயிகள்’ என்பது போன்ற பொதுத் தலைப்புகளையே பெற்றன. இது தற்செயலன்று. அவர் கணவர் சாள்ஸ் ஹே கமரன், குடியேற்ற ஆட்சியின் சீர்திருத்தங்களுக்கு அடிகோலிய கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் உறுப்பினர். இலங்கையிற் கோப்பித் தோட்டங்களின் உடைமையாளர். சட்டமும் நிலமும் நிழற்படக் கருவியும் ஒரே இல்லத்திற் கூடியிருந்தன. கலைஞரின் பரிவு எத்துணை மெய்யானதாயினும், உடைமையாளருக்கும் உழைப்பாளருக்கும் இடையிலான உறவை அஃது அழித்துவிடவில்லை.

பிறநாடுகளிலும் இதற்கு ஒப்புமையுண்டு. அமெரிக்கப் பொருளாதார மந்தத்தின் சின்னமாக உலகறிந்தது டொறதியா லாங் 1936இல் எடுத்த புலம்பெயர் தாயின் படம். அத்தாய் புளோரன்ஸ் தொம்சன் என்பது 1978இலேயே உலகுக்குத் தெரிந்தது. முகம் புகழ்பெற நாற்பத்திரண்டாண்டுகள் பெயர் காத்திருந்தது. ஆயினும் அவர் உயிருடனிருந்து தம் கதையைத் தாமே கூற முடிந்தது. எமது மலைகளின் பழைய முகங்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை.

மலையகத் தொழிலாளரின் முகமும் பெயரும் ஒருங்கே பதிவான இடம் ஒன்றுண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோராக எண்ணிப் பிரித்தது. பிறந்த மண்ணை விட்டுத் தலைமன்னாரிற் கப்பலேறியோரின் கடவுச்சீட்டுகளில் முகத்தின் அருகே பெயரும் ஊரும் பிழையின்றி இடம்பெற வேண்டியிருந்தன. உழைத்தபோது தேவைப்படாத பெயர், வெளியேற்றும்போது தேவைப்பட்டது. அந்தச் சிறு படங்களையும் மலையகத்தின் நிழற்படச் சுவடியாகக் கொள்ளாத ஆய்வு முழுமையடையாது.

இன்று கண்டியின் அயலிலே இருவகை நினைவுகள் பேணப்படுகின்றன. 1925இற் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலையில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை நூதனசாலை, இயந்திரங்களையும் ஜேம்ஸ் ரெயிலர் போன்ற முன்னோடித் துரைமாரையும் முன்னிறுத்துகின்றது. கம்பளையை அடுத்துப் பழைய லயத்தில் அமைந்த தொழிலாளர் நூதனசாலையோ கூடையையும் கவ்வாத்துக் கத்தியையும் வாழ்ந்த அறையையும் காட்டுகின்றது. முன்னையது பண்டத்தின் வரலாறு. பின்னையது மனிதரின் வரலாறு. படங்களுக்கு உரிய இடம் பின்னையதே.

ஆகவே பழைய படங்களைச் சேகரிப்பதும் பிரதிசெய்வதும் மட்டும் போதா. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொழிலாளர் வாயிலிருந்தே திரட்டினார். அவ்வழியைப் படங்களுக்கும் கைக்கொள்ளுதல் வேண்டும். கடந்த அறுபது எழுபது ஆண்டுகளிற் பிடிக்கப்பட்ட படங்களை லயங்களுக்கு மீண்டும் எடுத்துச் சென்று, முதியோர் முன் வைத்து, ‘இவர் யார்? எந்தத் தோட்டம்? எந்த மலை?’ எனக் கேட்டுப் பதியவேண்டும். படத்தில் உள்ளோரின் குடும்பத்தார் வெளியிட விரும்பாதவற்றை வெளியிடாதிருக்கும் பண்பும் வேண்டும். அம்முதியோர் ஆண்டுதோறும் மறைந்து வருகின்றனர். அவர்களுடன் பெயர்களும் மறைகின்றன. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் உடனடியாக ஏற்கத்தக்க பணி இதுவென்பதே எமது துணிபு.