எண்ணூர்க் கண்டல் இலையும் ஒரு துளி சிடிஎன்ஏவும்

உயிரியலில் உனக்கு மிகப் பிடித்தது எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வேன்: சிடிஎன்ஏ! திருவொற்றியூர்க்காரி நான். எண்ணூர் முகத்துவாரத்து வெண்கண்டல் இலையிலிருந்து அதை என் கையாலேயே உருவாக்கிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

வெண்கண்டலைக் கிட்டே போய்ப் பாருங்கள். அனல்மின் நிலையங்களுக்கு நடுவே, கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் சேற்றில், மூச்சுவேர்களை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். உள்ளே வந்த உப்பைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுகிற செடி அது!

வேர், இலை, பூ எல்லாவற்றிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். உப்பு ஏறும் நேரத்தில் இலை அதில் எந்த மரபணுக்களை இயக்குகிறது? துறைமுக யார்டில் அடுக்கிய கன்டெய்னர்கள் டிஎன்ஏ என்றால், அவற்றில் இன்று தேவையானவற்றின் நகல்களாக டிரெய்லரில் ஏறிக் கிளம்பியவைதான் மெசஞ்சர் ஆர்என்ஏ. ஆனால் அது சட்டென்று சிதைந்துவிடும். நம் விரலில் இருக்கும் நொதியே போதும். அதை உறுதியான டிஎன்ஏவாகத் திருப்பி எழுதினால் கிடைப்பது சிடிஎன்ஏ. எழுதித் தரும் நொதி ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ். 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே அதை வைரஸ்களில் கண்டுபிடித்தார்கள். 1975இல் நோபல் பரிசு வந்தது.

செய்முறை அத்தனை அழகு! இலையைத் திரவ நைட்ரஜனில் பொடித்து ஆர்என்ஏவைப் பிரிக்கிறோம். மெசஞ்சர் ஆர்என்ஏவின் வாலில் 'ஏ' எழுத்துகள் வரிசையாக நிற்கும். 'டி' எழுத்துகளால் ஆன குட்டித் துண்டு அங்கே போய் ஒட்டிக்கொள்ள, அங்கிருந்து நொதி எழுதத் தொடங்குகிறது. பிறகு ஒரே மரபணுவை மூல டிஎன்ஏவிலும் சிடிஎன்ஏவிலும் பெருக்கி, ஜெல்லில் ஓடவிட்டோம். சிடிஎன்ஏவிலிருந்து வந்த குட்டையான துண்டு தனிப் பட்டையாக மின்னியது. இடையில் கிடக்கும் இன்ட்ரான்களை வெட்டி எறிந்துவிட்டுச் செல் கோத்த வாசகம் அது. கண்ணால் பார்த்தபோது கத்தியே விட்டேன்!

இதே வெண்கண்டலில் நம் சென்னை செய்த சாதனையும் உண்டு. தரமணியில் இருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அஜய் பரிடாவின் குழு, உப்பைத் தாங்கும் வெண்கண்டல் இலையிலிருந்து சிடிஎன்ஏ துண்டுகளின் தொகுப்பான சிடிஎன்ஏ நூலகம் ஒன்றை உருவாக்கி, அதன் மரபணுத் துண்டுகளை வாசித்து 2005இல் வெளியிட்டது. அந்தச் செடியின் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதிக்கான மரபணுவை பூசா பாஸ்மதி நெல்லில் சேர்த்து, அந்த நெல் உப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்குவதை 2008இல் காட்டினார்கள். சேற்றில் நிற்கும் செடியின் திறமை நெற்பயிருக்குப் போயிருக்கிறது!

2020இல் ராயபுரம் மண்டலமே கொரோனாவில் தவித்தபோது, மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரியில் நடந்ததும் இதேதான். வைரஸின் ஆர்என்ஏவை முதலில் சிடிஎன்ஏவாக மாற்றினால்தான் ஆர்டி-பிசிஆர் அதைக் கண்டுபிடிக்கும்.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கசிவு இந்தக் கண்டல்களின்மேல் படிந்தது. எண்ணெய் பட்ட இலை எந்த மரபணுக்களை எழுப்பியது, எவற்றை அடக்கியது? சிடிஎன்ஏவைக் கேட்டால் சொல்லும். வடசென்னைப் பிள்ளைகளே, அந்தக் கேள்வியை வேறு யாரோ வந்து கேட்கக் காத்திருக்காதீர்கள். ஆய்வுக்கூடத்துக்குள் நுழையுங்கள், நம் முகத்துவாரத்தை நாமே வாசிப்போம்!