கீழோரத்துப் பென்சில்

பிரேம் கடைக்காரர் தாளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கீழே யாரோ பென்சில்ல கிறுக்கியிருக்காங்க சார். மவுண்ட்டை ஒரு விரக்கடை ஏத்தி வெட்டினா மறைஞ்சுடும்" என்றார். எனக்கு உயிர் போய் வந்தது. அந்தக் கிறுக்கலுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்திருக்கிறேன்! இடது மூலையில் 7/20, அதாவது இருபது பிரதியில் ஏழாவது. வலது மூலையில் ஓவியரின் கையெழுத்து.

படம் சிறியது. ஒரு கிணறு, ராட்டினம், தொங்கும் கயிறு. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கயிற்றைப் பார்க்க வேண்டும். மெழுகு பூசிய துத்தநாகத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டு எடுத்த கோடு அது. கிணற்றுச் சுவரின் மெல்லிய கோடுகளைச் சீக்கிரம் மூடிவிட்டு, கயிற்றை மட்டும் அமிலம் இன்னும் கொஞ்ச நேரம் தின்னும்படி விட்டிருக்கிறார். ஆழமான பள்ளத்தில் மையும் கூடுதலாகத் தங்கும். ஈரத்தாளை வைத்துப் பிரஸ்ஸில் உருட்டியபோது அந்த மை அப்படியே தாளில் ஏறி நின்றுவிட்டது. பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் கயிறு தாளைவிட்டு மயிரிழை எழும்பியிருக்கும். முறுக்கேறிய கயிறேதான்.

கிணற்றுக்குள் இருக்கிற இருட்டு வேறு மாதிரி. அங்கே கோடே இல்லை. தகட்டில் பிசின் தூளைத் தூவிச் சூடுகாட்டி, துகள்களுக்கு இடையில் அமிலத்தை இறக்கி வாங்கிய கருமை. கிட்டப் போனால் குருணை குருணையாகத் தெரியும்; நாலடி தள்ளி நின்றால் தண்ணீராகிவிடும்.

படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுத்திய பள்ளம் ஒன்று ஓடுகிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். கம்ப்யூட்டரில் அச்சடித்து 500 பிரதியில் ஒன்று என்று விற்கிற படங்களில் இது இருக்காது. அவற்றைக் குறை சொல்லவில்லை. சிலது அழகாகவே இருக்கும். ஆனால் அங்கே 500 என்பது ஒரு வாக்குறுதி மட்டுமே. தகட்டிலோ, ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக மை பூசி, துணியாலும் உள்ளங்கையாலும் துடைத்து எடுக்க வேண்டும். ஆறாவதும் ஏழாவதும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அச்சு அசலாக இராது. அமிலமே இல்லாமல் ஊசியால் நேரே கீறுகிற டிரைபாயின்ட் என்றால் கோட்டோரத்துப் பிசிறு சில பிரதிகளிலேயே நசுங்கிவிடும். அங்கே எண்ணிக்கையைக் குறுக்குவது உலோகம்.

1894இல் பம்பாயில் ரவிவர்மா தொடங்கிய அச்சகம் இதற்கு நேரெதிர். நிறத்துக்கொரு கல்லாக வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் அச்சிட்டு, ஊரெல்லாம் சுவரில் ஏற்றியது. எண்ணும் இல்லை, பென்சிலும் இல்லை. எல்லார் வீட்டுக்கும் போகட்டும் என்ற ஆசையும் அழகுதான்.

நம் பிரேம் கடைகள் அந்த வழியில் வந்தவை. சாமி படத்துக்குக் கண்ணாடியை ஒட்டிப் போட்டே பழகிய கை. அச்சோவியத்தின் தாள் கண்ணாடியில் படக்கூடாது. சென்னைப் புழுக்கத்தில் பூசணம் பூத்து ஒட்டிக்கொள்ளும். அமிலமில்லாத மவுண்ட் அட்டை வேண்டும். பின்பக்கத்தை இறுக்கி மூடவேண்டும், இராமபாணப் பூச்சிக்குப் பருத்தித் தாள் என்றால் கொள்ளை ஆசை. வெயில் நேரே விழாத சுவர், மழைக்கு ஓதம் ஏறாத சுவர். என் வீட்டில் அப்படி ஒன்றே ஒன்றுதான் தேறியது, காலண்டரை இடம் மாற்றிய பிறகு.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். மவுண்ட்டைப் பள்ளத்துக்கு வெளியே அரை அங்குலம் தள்ளி, பென்சில் எழுத்து முழுக்கத் தெரிகிற மாதிரி வெட்டினார். படத்தைக் கையில் கொடுக்கும்போது 7/20ஐ இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அப்ப மீதி பத்தொன்பது கிணறு யார் யார் வீட்ல சார் இருக்கு?"